அக்கரைச் சட்டம்

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு எதிலும் ஒத்த கருத்து கிடையாது. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்பதிலேயே வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும். ஆனால் நடு மாடியில் இருந்த தம்பதியைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே பேச்சாய்ப் பேசினார்கள். அவர்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது என்பதுதான் அது.

அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. அத்தனை வருஷத்தில், மகள் கல்யாணம் நடந்த ஒரு நாளைத் தவிர, அந்த இருவரும் சேர்ந்து படியிறங்கியதை ஒரு ஈ காக்கைகூடப் பார்த்ததில்லை. அவள் வேலைக்குப் போனால் அவர் வீட்டில் இருப்பார். அவர் கம்பி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால் அவள் ஜன்னலோரம் நிற்பாள். யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் ஒருவர்தான் வருவார், மற்றவருக்குத் தலைவலி. ஒருவர் உள்ளே நுழைந்த பிறகுதான் மற்றவர் செருப்பை மாட்டுவார்.

"ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு மூஞ்சில முழிக்கப் பிடிக்காத குடும்பம்" என்று எதிர் வீட்டு டிரைவர் மனைவி தன் அம்மாவிடம் போனில் சொல்வாள். அவள் கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

உண்மை என்ன என்றால், அந்தக் கட்டடத்திலேயே ஒருவர்மேல் ஒருவர் உயிராய் இருந்தவர்கள் அந்த இருவர்தான். சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. அவருக்கும் ஆசைதான். அவள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்வாள். மறுநாள் அவர் அதே படத்துக்குப் போய்விட்டு வந்து, "நீ சொன்னதுல பாதி அதுல இல்லவே இல்லையே" என்று வம்புக்கிழுப்பார். இப்படித்தான் அவர்கள் சேர்ந்து படம் பார்த்தார்கள்.

வீடு காலியாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

இந்தப் பயம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் பிடித்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் அக்கரையில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு ஆறும் அதன்மேல் ஒரு பாலமும்தான். பாலத்தைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு போலீஸ் உடுப்பு, வேறு வாடகைச் சட்டம். இரண்டு கரையிலும் ஒரே பாஷை பேசி, ஒரே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த ஜனங்கள் இதையெல்லாம் பெரிதாக நினைப்பதில்லை. சட்டம் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் எந்தக் கரையில் இருக்கிறோம் என்று நினைப்பே வரும்.

அக்கரையில் எந்தக் காலத்திலோ ஒரு பெருவெள்ளம் வந்து, ஜனங்கள் வாடகை வீடுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்களாம். போனவர்கள் திரும்பவில்லை. வீடுகள் பூட்டிக் கிடக்க, வீடில்லாதவர்கள் தெருவில் கிடந்தார்கள். அதற்காக ஒரு சட்டம் போட்டார்கள். வாடகை வீடு சில மணி நேரம் ஆளில்லாமல் கிடந்ததை இரண்டு சாட்சிகள் பார்த்துச் சொன்னால், குடித்தனக்காரர் வீட்டைக் கைவிட்டதாக அர்த்தம். சொந்தக்காரர் தன் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். வெள்ளம் வடிந்துவிட்டது, சட்டம் வடியவில்லை. நல்லதுக்கென்று போட்ட சட்டம் சொந்தக்காரர்கள் கையில் எப்படிப்பட்ட கத்தியானது என்பதை அந்தக் கரையில் வாடகைக்கு இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். மகள் அப்போது கைக்குழந்தை. திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. சாமான் எல்லாம் வாசலில் கிடந்தது, மழை வேறு. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேம்மா" என்றார். வாய் கூசாமல் சொன்னார். பத்திரிகை வைக்கப் போனபோது அவர்தான் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டவர்.

அன்றைக்கு அவள் மனதில் ஒன்று இறுகிப் போனது. பிறகு அது இளகவே இல்லை.

வேறு வீடு பார்த்தார்கள். அவர் அப்போது ஒரு பட்டறையில் காயில் கட்டிக்கொண்டிருந்தார். எரிந்துபோன மின்விசிறி, மிக்ஸி மோட்டார்களைப் பிரித்து, பழைய கம்பியை வெட்டியெறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி வார்னிஷ் ஊற்றி ஓட வைக்கும் வேலை. பட்டறையை விட்டுவிட்டு அந்த வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தார். கம்பி சுற்றும் கைமெஷினை ஜன்னலோரம் பொருத்திக்கொண்டார். சம்பாத்தியம் குறைந்தது. ஆனால் வீட்டில் எப்போதும் ஆள் இருந்தது.

அவளோ இன்னும் ஒரு படி மேலே போனாள். அக்கரையில் காவலுக்கு உட்காருவதே ஒரு தொழில். ஊருக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகும் தனிக்கட்டைகள், எல்லோருக்கும் வீட்டில் உட்கார ஓர் ஆள் வேண்டும். சும்மா ஆள் இருந்தால் போதாது, குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும். ஆகவே அவள் ஒரு வீட்டில் சித்தியானாள், ஒரு வீட்டில் நாத்தனாரானாள், ஒரு வாத்தியார் வீட்டில் அவருக்கு அத்தையாகவே ஆனாள். வாத்தியாருக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம்.

ஒரு தடவை சாட்சிக்கு வந்த ஆள் அவளை உற்றுப் பார்த்தான். "நேத்து பின்தெருவுல சித்தின்னு சொன்னது நீங்கதானே?"

"ஏன் சார், அங்க சித்தியா இருந்தா இங்க நாத்தனாரா இருக்கக் கூடாதா? உங்க வீட்டுல எல்லாரும் எல்லாருக்கும் அண்ணனா?"

அவன் வாயை மூடிக்கொண்டு போனான். இதைச் சொல்லிச் சொல்லி அவள் புருஷன் சிரிப்பார். அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று அவர் பேர் வைத்தது அதற்குப் பிறகுதான்.

காவலுக்கு உட்காருகிறவர்களிடையே ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த வீடு எப்போது காலியாகும் என்பதை வெளியே மூச்சு விடக்கூடாது. ஏன் வீட்டிலேயே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் தலைவலி, கால்வலி, மனசு சரியில்லை என்று எதையாவது சொல்ல வேண்டும். சட்டத்துக்குப் பயந்து இருக்கிறோம் என்று மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் சொந்தக்காரர் காதுக்குப் போகும், அவர் அன்றிலிருந்து நேரம் பார்க்க ஆரம்பிப்பார். இந்தக் கட்டுப்பாடு அவள் ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அக்கரைக் கட்டடத்தை இடித்தார்கள். அவர்கள் பாலம் தாண்டி இக்கரைக்கு வந்து, இந்த நடு மாடி வீட்டைப் பிடித்தார்கள். அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நீராவிப் புகையில் நின்று, இரண்டு பேராய் நாலு மூலை பிடித்துப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. கை வெந்து தோல் உரியும். அவர் ஜன்னலோரம் கைமெஷினைப் பொருத்தினார். எல்லாம் பழையபடிதான் நடந்தது.

ஆனால் இக்கரையில் அந்தச் சட்டம் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இக்கரையில் குடித்தனக்காரர் வாடகை கட்டிக்கொண்டிருக்கும்வரை, மாதக்கணக்கில் பூட்டிக்கொண்டு போனாலும் சொந்தக்காரர் அந்தப் பூட்டைத் தொட முடியாது. கோர்ட்டுக்குப் போய், காரணம் சொல்லி, அவர் தலைமுடி நரைத்த பிறகு ஒருவேளை உத்தரவு வாங்கலாம். தெருவில் எந்தக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்.

கேட்கத்தான் இல்லை. கேட்டால் தெரிந்துவிடுமே! வாடகையை ஒரு நாள் பிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், சொந்தக்காரரிடம் நல்ல பேர் வாங்கினார்கள், வாயை மட்டும் திறக்கவில்லை. பாத்திரம் பண்டத்தோடு அக்கரைச் சட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, பிரிக்காமலே வைத்துக் கும்பிட்டார்கள். மற்றவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு ஆகவில்லை என்று நினைப்பவர்கள் சட்டத்தைப் பற்றி எதற்குப் பேசப் போகிறார்கள்?

மகளும் அதே பாடத்தில் வளர்ந்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அம்மா வந்தால் அப்பா வரமாட்டார் என்பது அவளுக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது மாதிரி சாதாரணம். காய்ச்சல் வந்தால்கூட, "நான் வீட்டுல இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்வாள். பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வராது. அவள் கல்யாணம் ஒன்றுக்குத்தான் இருவரும் சேர்ந்து மண்டபத்துக்குப் போனார்கள். அதுவும் அவருடைய தங்கையை வரவழைத்து, கும்பிடாத குறையாகக் கெஞ்சி, வீட்டில் உட்கார வைத்துவிட்டு. அண்ணன் மகள் கல்யாணத்தைப் பார்க்காத அந்தத் தங்கை அதற்குப் பிறகு இவர்களோடு பேசுவதில்லை.

மகளுக்கு வாய்த்தது தொலைவில் ஓர் ஊர், மாமனாரின் சொந்த வீடு. பேரன் பிறந்தபோது முதலில் அவள் போனாள். அவள் திரும்பிய பிறகு அவர் போனார். குழந்தையை நடுவில் வைத்து இருவரும் எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை.

பழைய சொந்தக்காரர் செத்த பிறகு வீடு அவர் மகன் கைக்கு வந்தது. இந்த மகன் பெயிண்ட் கடை வைத்திருந்தார். எதிர் வீட்டு டிரைவர் ஓட்டியது அவருடைய கடை வேனைத்தான். கட்டடத்தை விற்க வேண்டும் என்பது பெயிண்ட் கடைக்காரரின் எண்ணம். ஆள் இருக்கும் கட்டடத்தை யார் வாங்குவார்? ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்து, படிக்கட்டை நாடாவால் அளந்தார். நடு மாடிக்கு வந்ததும் கதவைத் தட்டினார்.

"நீங்க எப்பவும் வீட்டுலதான் இருப்பீங்களா?" என்று கேட்டார்.

வாங்க வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்ட எப்போது வரலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"எப்பவும் இருப்போம்" என்றார் அவர். "ஒரு நிமிஷம்கூட வெளிய போறதில்ல."

அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். சாட்சிகளைச் சேர்க்கிறான் என்று இருவருக்கும் உறுதியாகிவிட்டது. இனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

அந்த வாரம் முடிவதற்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு விசிறி மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் அப்படியே கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். "வாயுவா இருக்கும்" என்றார். வெந்நீர் குடித்தார், குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இடது கை மரத்துப் போகிறது என்றார். அவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்தாள். வேலைக்குப் போகவில்லை.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"யாரு இருப்பா வீட்டுல?"

அவள் துண்டை எடுத்து அவர் கழுத்தைத் துடைத்தாள்.

"நீ இரு. நான் மட்டும் ஒரு ஆட்டோ புடிச்சுப் போயிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார். கதவைத் தாண்டி நாலைந்து படி இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் ஓடிப்போய் அவர் கக்கத்தில் தோளைக் கொடுத்துத் தூக்கி, மேலே கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தாள்.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"என்னக்கா, அண்ணனுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது! எங்க வீட்டுக்காரரு வண்டி கீழதான் நிக்குது. இப்பவே ஏத்திட்டுப் போயிடலாம், வாங்க."

"அவரை மட்டும் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அது எப்படிக்கா? கூட ஒரு ஆள் இல்லாம பெரியாஸ்பத்திரியில சேர்க்கவே மாட்டாங்க. கையெழுத்து கேப்பாங்க, மருந்து வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. நீங்களும் வாங்க. வீட்டுச் சாவியை என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்."

சாவி! அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். வேனின் பக்கவாட்டில் பெயிண்ட் கடையின் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. சொந்தக்காரன் வண்டியில் இருவரும் ஏறிப்போக வேண்டும், அவன் டிரைவர் பெண்டாட்டி கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். பழைய பூட்டு, மழை, இடுப்பில் குழந்தை, எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து நின்றது. கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார்.

"வேணாம்மா, வாயுதான். படுத்திருந்தா சரியாப் போயிடும்."

டிரைவர் மனைவி இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, புருஷனோட ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக மனசு வராத பொம்பளையும் உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அவள் மகளுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் மகளுக்குக் குரல் நடுங்கியது. ஆனால் அவள் அந்த வீட்டுப் பெண்.

"ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பிடாதீங்கம்மா. அவன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பான். நான் இப்பவே பஸ் ஏறுறேன். நான் வந்து வீட்டுல உட்கார்ந்ததும் நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் படுக்க வெச்சிரு."

அதுதான் சரியென்று மூவருக்கும் பட்டது. சுமை கொஞ்சம் இறங்கியது மாதிரிகூட இருந்தது. ஒரு ஏற்பாடு இருக்கிறதல்லவா! அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள், கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்தாள். வலி வந்து வந்து போனது. விட்ட நேரத்தில் அவர் பேசினார்.

"இன்ஸ்பெக்டரம்மா இன்னிக்கு வேலைக்கு மட்டமா?"

"பேசாம படுங்க."

"நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெளிய போகப் போறோம் பாரு. எங்க போறோம்? ஆஸ்பத்திரிக்கு." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

மத்தியானம் திரும்பியது. மகள் வழியில் இரண்டு தடவை போன் செய்தாள். ஒரு இடத்தில் ரோடு வேலை நடக்கிறது என்று பஸ்ஸைச் சுற்று வழியில் விட்டார்களாம். அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவள் எழுந்து கதவுவரை போனாள், திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினால் திறப்பாள். வேன் இன்னும் கீழேதான் நின்றது. எல்லாம் பத்தடி தூரத்தில் இருந்தது, அவளால் தட்ட முடியவில்லை.

"பஸ் எதுவரைக்கும் வந்திருக்காம்?" என்று கேட்டார் அவர்.

"பக்கத்துல வந்துட்டாளாம். இதோ வந்துடுவா."

அவள் பொய்தான் சொன்னாள். அவர் சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு, "நான் வந்துட்டேம்மா, நீங்க கிளம்புங்க" என்றாள்.

மறுநாள் அடக்கம். அந்த ஊரில் பெண்களும் மயானம்வரை கூடப் போவார்கள். கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், மருமகனும் பேரனோடு வந்து சேர்ந்தார்; மகன் இல்லாத வீடு, காரியம் செய்ய வேண்டியவர் அவர்தான். தூக்கும் நேரம் வந்தபோது அம்மாவும் மகளும் சமையலறைக்குள் நின்று அடங்கிய குரலில் பேசிக்கொண்டார்கள்.

"நீ போம்மா. நான் இருக்கேன்."

"வேணாம். அவருக்கு இருக்கிறது நீ ஒருத்திதான். நீ கூடப் போ. நான் இருக்கேன்."

அவள் வாசல்வரைதான் வந்தாள். படிக்கட்டில் அவரைத் திருப்பி இறக்க ஆட்கள் திணறுவதைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஜன்னலுக்கு ஓடிப்போய்த் தெருமுனைவரை பார்த்தாள். "செத்தப்புறமும் கூடப் போக மனசு வரல பாரு" என்று யாரோ கீழே சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்தால் என்ன? இத்தனை வருஷம் பேசாத பேச்சா!

எல்லோரும் போன பிறகு கட்டடமே வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் பெயிண்ட் கடைக்காரர் வந்தார். தாமதமாகிவிட்டது, நேராக மயானத்துக்கே போயிருக்க வேண்டும், வெளியூர் போயிருந்ததால் சேதி இப்போதுதான் தெரிந்தது என்றெல்லாம் சொன்னவர், அவள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினார்.

"நீங்க போகலையாம்மா?"

"வீட்டுல யாராவது இருக்கணும்ல."

"எதுக்கு?"

அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. இனி யாரிடம் மறைத்து என்ன? வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு சொந்தக்காரரிடம் அதை நேராகச் சொன்னாள். "வீடு காலியா இருந்தா நீங்க பூட்டு போட்டுடுவீங்கல்ல. ரெண்டு சாட்சி பார்த்தாப் போதுமே."

அவர் விழித்தார். "என்ன சாட்சி? என்ன சொல்றீங்கன்னு எனக்குப் புரியல."

அவள் சட்டத்தைச் சொன்னாள். தங்கை கல்யாணம், மழை, வேறு பூட்டு எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முகம் மெல்ல மாறியது.

"அது அக்கரையிலம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம். இங்க அந்தச் சட்டமே கிடையாதே."

"இங்கயும்தான்."

"இல்லம்மா. இங்க வாடகை வந்துக்கிட்டு இருந்தா நீங்க ஒரு வருஷம் பூட்டிட்டுப் போனாலும் நான் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. தொட்டா என்னைத்தான் உள்ள வைப்பாங்க. நான் உங்களைக் காலி பண்ண வைக்க முடியுமான்னு வக்கீலைப் போய்க் கேட்டவன். பொய் எதுக்குச் சொல்லணும்? வக்கீல் சிரிச்சுட்டாரு. முடிஞ்சிருந்தா எங்க அப்பாவே எப்பவோ பண்ணியிருப்பாரும்மா."

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

"ஆஸ்பத்திரிக்குத்தானே? பூட்டிட்டுப் போயிட்டு, வந்து திறந்துக்கப் போறீங்க. அதுல என்ன இருக்கு?" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. "அதுக்காகவா நேத்து..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எதிரே நின்றவர்மேல் வரவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போடாத எதிர் வீட்டுக்காரிமேல் வந்தது. வேண்டாமென்று தலையாட்டிய புருஷன்மேல் வந்தது. பத்தடி நடக்காத தன் கால்மேல் வந்தது. சேர்ந்து பார்த்திருக்க வேண்டிய படம், பேரனோடு எடுத்திருக்க வேண்டிய படம், இன்றைக்கு அவருக்குப் பின்னால் நடந்திருக்க வேண்டிய தெரு, எல்லாம் வரிசையாக வந்தன. எதற்கும் எவனும் தடை சொல்லவில்லை. கதவு இத்தனை வருஷமும் திறந்துதான் இருந்திருக்கிறது.

பிறகு மகளின் குரல் நினைவுக்கு வந்தது. ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பிடாதீங்கம்மா. அதுவரைக்கும் படுக்க வெச்சிரு.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி" என்றாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "இதை என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. டிரைவர் வீட்டுலயும் சொல்லாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவருக்கு முழுவதும் விளங்கியதோ என்னவோ, சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

போனவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். மருமகன் பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். மகள் வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"நீ மனசைப் போட்டு உழப்பிக்காதம்மா" என்றாள். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு எனக்கும் இருக்கு. ஆனா நாம என்ன பண்ண முடியும்? கிளம்பியிருந்தா வீடு போயிருக்கும்ல?"

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், பாரத்தில் பாதி இறங்கிவிடும். ஆனால் அந்தப் பாதி இவள் தலையில் போய் விழும், இவள் இருக்கும்வரை அங்கேயே இருக்கும்.

"ஆமாடி" என்றாள். "போயிருக்கும்."

மகள் பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்ககூட வாம்மா. ஒரு பத்து நாள் இருந்துட்டு வா. தனியா எப்படி இருப்ப? உன் பேரன் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றாள்.

அவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு, கதவை அப்படியே போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. அந்தச் சுவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நான் எப்படி வர்றது?" என்றாள். "வீடு காலியாயிடுமே."

மகள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் அல்லவா, சொன்னதும் புரிந்துகொண்டாள்.